பாதிச் சொல்

கேண்டீன் வரிசை நகரவே இல்லை.

முன்னால் நின்றவன் நெட்டை. அவனுக்குத் திக்குவாய். "ரெ... ரெ..." என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள்.

பக்கத்திலேயே அவன் கூட்டாளி தூங்குமூஞ்சி. சுவரில் சாய்ந்துகொண்டு, மேலே சுற்றும் ஃபேனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சிநேகிதன் படுகிற பாடு அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வகுப்பு லீடருக்குப் பொறுக்கவில்லை. வரிசையைத் தாண்டிப் போய், "ரெண்டு டீ, ஒரு பன். அதானேடா?" என்றாள்.

நெட்டை வாயை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

"கூடவே மரம் மாதிரி நிக்கிறியே, நீ சொல்லக்கூடாதா?" என்று தூங்குமூஞ்சியைக் கேட்டாள்.

"அவன்தான் சொல்லிக்கிட்டிருந்தானே" என்றான் அவன், கொட்டாவியோடு.

சரியான கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி நினைக்க அவளுக்கு உரிமை உண்டு. காய்ச்சலில் படுத்தவளுக்கு மாத்திரை வாங்கிவருவதும், லேபில் குடுவையை உடைத்தவனுக்காக மேடத்திடம் பரிந்து பேசுவதும், புதிதாகச் சேர்ந்தவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதும் அவள்தான். ஒரு நாள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை என்றால் ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராது. செய்ததைச் சொல்லிக்காட்டும் வழக்கமும் கிடையாது. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது நெட்டை திணறினால், "வந்திருக்கான் மேடம்" என்று அவளே சொல்லிவிடுவாள்.

அந்த வருஷ செமினாருக்கு மூன்று பேரும் ஒரே குரூப். ஊர் ஏரித் தண்ணீரைச் சோதித்த விவரத்தை மொத்த வகுப்புக்கும் முன்னால் சொல்ல வேண்டும். முதல் பகுதியை நெட்டையே கேட்டு வாங்கிக்கொண்டான். லீடருக்கு உள்ளுக்குள் உதைப்புதான். ஆனாலும் சரியென்றாள்.

அன்றைக்கு நெட்டை மேடையில் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை. "வ... வ..."

அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசி பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூங்குமூஞ்சியோ கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, சாவகாசமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

லீடரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய், "வணக்கம். நாங்க எடுத்துக்கிட்டது ஏரித் தண்ணி" என்று ஆரம்பித்தாள். தன் பகுதியோடு அவன் பகுதியையும் சேர்த்து, ஓர் இடத்திலும் தடுக்காமல் பேசி முடித்தாள். நெட்டை ஓரமாக நின்று படங்களை மாற்றினான்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "கூட இருக்கிறவனை விட்டுக்கொடுக்காம காப்பாத்தினே பாரு, அது பெரிய குணம்" என்றார் மேடம்.

அடுத்த வாரமே மேடம் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் குரூப் பசங்க ரெண்டு பேரும் வேற குரூப்புக்குப் போகணுமாம். ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறானுங்க. ஏதாவது சண்டையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இது தூங்குமூஞ்சியின் வேலையாகத்தான் இருக்கும். சைக்கிள் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தாள்.

"நீதானே அவன் மனசைக் கலைச்சே? நான் அவனுக்கு என்னடா கெடுதல் செஞ்சேன்?"

அவன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினான்.

"கெடுதல்னு யாரு சொன்னா? அவனுக்கு முதல் வார்த்தைதான் மாட்டும், லீடர். கொஞ்சம் பொறுத்தா தானா வந்துடும். அப்புறம் தண்ணி மாதிரி ஓடும். தினமும் சாயங்காலம் காலி கிளாஸ்ல எங்கிட்ட முழுசாப் பேசிப் பார்த்தான். அன்னிக்கும் பேசியிருப்பான்."

"அப்புறம் ஏண்டா நீ எங்கேயோ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே?"

"மூஞ்சியையே பார்த்தா அவனுக்கு இன்னும் மாட்டும். அதனால நான் எங்கேயாவது பார்த்துக்கிட்டிருப்பேன்."

கொட்டாவிகூட விடாமல் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

இரண்டு வருஷமாக நெட்டை தொடங்கியதையெல்லாம் தான் முடித்துவைத்தது ஒவ்வொன்றாக லீடரின் நினைவுக்கு வந்தது. ஒரு தடவையாவது அவன் முழுசாகப் பேசிக் கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை.

மாடியில் லேபுக்குப் போனாள். நெட்டை தனியாக நின்று குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னை மன்னிச்சிடுடா. அன்னிக்கு நான் குறுக்கே வந்திருக்கக்கூடாது. நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டேன். எனக்குப் புரியாம போச்சு."

நெட்டை குழாயை மூடினான். அவளையே பார்த்தான். அவனுக்கு ஏதோ சொல்ல இருந்தது.

"ப... ப..."

உதடுகள் ஒட்டிக்கொண்டன. முகம் சிவந்தது. பார்க்கவே அவளுக்குப் பாவமாக இருந்தது.

"பரவாயில்லைங்கறியா?" என்றாள்.

அவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு மெல்லத் தலையசைத்துவிட்டு, குழாயைத் திறந்தான்.

பாரம் இறங்கின நிம்மதியோடு அவள் படி இறங்கினாள். பாதிப் படியில்தான் உறைத்தது. 'ப'வில் தொடங்குகிற சொல் எத்தனையோ இருக்கிறது.

மன்னிப்பைக்கூட அவனைச் சொல்லவிடாமல், அவளாகவே சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.