இன்னும் வயசுக்கு வரலை

சர்க்கரைப் பாகில் எலுமிச்சை பிழிந்து, கை பொறுக்கும் சூட்டில் உருட்டி, பிள்ளையின் மேலுதட்டில் அப்பினாள் வஹீபா. ஒரே இழுப்பு, பூனைமுடி பாகோடு வந்தது. இஸ்மத்தின் கண்ணில் நீர் முட்டியதே தவிர, வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

"வர்றவ முதல்ல முகத்தைத்தான் பார்ப்பா. பொறுத்துக்கோ."

வரப்போகிறவள் ஹாஜ்ஜா ஸனிய்யா. வஹீபாவின் கணவனைக் கரும்புக் காட்டில் சுட்டுப் போட்டவன் அவள் மகன் ஷஹாத். அப்போது இஸ்மத் வயிற்றில் இருந்தது.

கெய்ரோவுக்கு வெகு தெற்கே, கினா பக்கத்துக் கரும்பு ஊர்களில், பழி தீர்க்கும்வரை துக்கம் கேட்க யாரையும் வாசலில் உட்கார வைக்க மாட்டார்கள். பதினாலு வருடமாகியும் வஹீபா துக்க நாற்காலி போடவில்லை. பழி தீர்க்க அண்ணன், தம்பி, பங்காளி என்று ஒருத்தன் கிடையாது. பிறந்தது பெண் என்று கேள்விப்பட்ட அன்று ஷஹாத் வீட்டில் கிடா வெட்டினார்கள்.

இப்போது ஸனிய்யாவுக்குப் புது யோசனை. இஸ்மத்தைப் பேரனுக்குக் கட்டிவைத்தால் பகையும் தீரும், வஹீபாவின் கரும்புக் காடும் வந்து சேரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரண்டு வருடமாக அவள் ஆள் மேல் ஆள் அனுப்ப, வஹீபா ஒரே பதிலைச் சொல்லிச் சமாளித்து வந்தாள்: இன்னும் வயசுக்கு வரலை.

இன்று கிழவி தானே வந்துவிட்டாள். கொடுத்த தேநீரைத் தொடவில்லை. மூலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லி, சந்தையில் கன்று பார்ப்பவள் போல ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரை ஏமாத்தறே? என் பேத்தி பதினொண்ணுலயே உட்கார்ந்துட்டா. இவ என்னைவிட உசரம். நெத்தி நிறையப் பரு. காலைப் பாரு, செருப்பே பத்தாது போலிருக்கு. இதெல்லாம் வயசுக்கு வராமலா வருது?"

சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் ஆகும், அவள் வாப்பா வழியில் எல்லோருக்குமே அப்படித்தான் என்று வஹீபா இழுத்தாள். ஸனிய்யா காதில் வாங்கவில்லை. பிள்ளையின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, நீயே சொல்லு என்றாள். இஸ்மத் தரையைப் பார்த்தது.

"போன குளிர்லேர்ந்து தொண்டை சரியில்லை, ஹாஜ்ஜா. பேசக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்கார்," என்று வஹீபா குறுக்கே புகுந்தாள்.

"வாயில்லாத மருமக வாய்ச்சா வேண்டாம்னா சொல்லுவேன்?" என்று சிரித்தாள் கிழவி.

பிறகு திட்டத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஷஹாத் இங்கே வந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வான். சம்பந்தி வீட்டுக்கு ஆயுதத்தோடு போகக் கூடாது என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது, வெறுங்கையோடுதான் வருவான். மறுநாள் பட்டணத்து டாக்டரம்மாவிடம் பெண்ணைக் காட்டி, வயசுக்கு வந்தாளா இல்லையா என்று தெரிந்துகொள்வது.

வாசற்படியில் நின்று, தக்காளி விலை சொல்பவள் போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "பொண்ணாப் பொறந்ததாலதான்டி உன் வீட்டுல இன்னும் விளக்கு எரியுது. ஆம்பளையாப் பொறந்திருந்தா, என் மகன் தொட்டிலைத் தாண்ட விட்டிருப்பானா?"

அவள் போனதும் வஹீபா கதவைத் தாழிட்டாள். டாக்டரம்மா கையில் பிள்ளையைக் கொடுத்தால் இத்தனை வருடம் கட்டிக்காத்ததெல்லாம் பாழ். அவசர அவசரமாக ரொட்டியைத் துணியில் கட்டினாள்.

"இன்னிக்கே கெய்ரோ ரயிலைப் பிடிச்சிடணும். நிலமும் வேண்டாம், பழியும் வேண்டாம். நீ உசுரோட இருந்தாப் போதும் எனக்கு. கிளம்பு."

இஸ்மத் கிளம்பவில்லை. முக்காட்டை அவிழ்த்து மடித்து வைத்தது. மாவுப் பானைக்குப் பின்னால் கையை விட்டு, சாக்கில் சுற்றியிருந்த நீளமான பொருளை உருவி எடுத்தது. கணவனின் துப்பாக்கி அங்கே இருப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று வஹீபா நினைத்திருந்தாள்.

"வேண்டாம்டா," என்றாள்.

போன குளிரில் உடைந்து, இன்றுவரை அவளைத் தவிர ஊரில் யாரும் கேட்டிராத கரகரத்த ஆண்குரலில் அவன் சொன்னான்:

"வெள்ளிக்கிழமை வாசல்ல துக்க நாற்காலி போடு, உம்மா."