எந்தக் கால்?

விசில் அவர் வாயில்தான் இருந்தது. ஆனால் அவர் ஊதவில்லை.

மூச்சு ஊதிவிட்டது.

அந்த நான்காம் எண் பெண் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து, ஒரு காலை ஊன்றி, அப்படியே திரும்பினாள் பாருங்கள். பதினெட்டு வருடமாகக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறார். அப்படி ஒரு திரும்பலை அவர் கண்டதில்லை. ‘அம்மாடி’ என்று உள்ளே எழுந்தது. வாயில் விசில் இருப்பது அந்த அம்மாடிக்குத் தெரியாது.

கீச்சென்று ஒலித்த பிறகுதான் பந்து அவள் கையை விட்டுப் போனது.

நேராக வலைக்குள் விழுந்தது.

விசிலுக்குப் பிறகு எறிந்த பந்துக்குப் புள்ளி கிடையாது.

அரங்கமே அவரைப் பார்த்தது. எதற்கு ஊதினார்?

தெரியாமல் ஊதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தை அவள் அணிக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாம். மிச்சமிருந்த மூன்று நொடியில் இன்னொரு முறை முயன்றிருப்பாள். விதியில் அதற்கு இடம் உண்டு.

ஆனால் நடுவர் பயிற்சி முகாமில் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். விசில் ஒலித்தால் உடனே கை பேச வேண்டும். முழித்துக்கொண்டு நிற்கிற நடுவரை ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

பழகிய கை. அவரைக் கேட்கவில்லை.

இரண்டு முஷ்டிகளும் மார்புக்கு முன்னால் ஒன்றையொன்று சுற்றின.

டிராவலிங். பந்தோடு கால் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐயோ, இல்லை என்று விசிலைத் துப்பினார். அதற்குள் இன்னொரு நடுவர் பந்தை எதிரணியிடம் கொடுத்து, அவர்கள் அதை உள்ளே எறிந்து, மணியும் அடித்துவிட்டது.

அரையிறுதியில் அவள் அணிக்கு ஒரு புள்ளியில் தோல்வி.

இறுதிக்குப் போகிற இரண்டு அணிகளிலிருந்துதான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அவளுக்கு இது கடைசி வருடம்.

நடுவர்களுக்கு ஆட்டம் ஒதுக்குகிற அண்ணாச்சி வந்து தோளில் தட்டினார்.

“எங்க யாரு கண்ணுலயும் படலவே. உம்ம கண்ணுல பட்டுச்சு பாரும்! நாளைக்கு ஃபைனலு உமக்குத்தான்.”

பஸ் காசுக்கும் மதியப் பொட்டலத்துக்கும் இத்தனை வருடம் ஓடியது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

“அண்ணாச்சி, அது வந்து...”

அண்ணாச்சி அடுத்த ஆட்டத்துக்கு ஆள் போடப் போய்விட்டார். முடிவுத்தாளில் கையெழுத்தும் விழுந்துவிட்டது. இனி யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

அவள் வந்துகொண்டிருந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“எந்தக் காலு சார் நகந்துச்சு?” என்று கேட்டாள். “சொல்லுங்க சார், சரி பண்ணிக்கிடுதேன்.”

அவர் அவள் கால்களைப் பார்த்தார்.

அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று, பந்தில்லாமல் அங்கேயே மறுபடி திரும்பிக் காட்டினாள். மெதுவாக. தன் காலையே குனிந்து பார்த்தபடி.

இந்த முறை கால் நகர்ந்தது.