ஊதாப் படையின் சாப்பாட்டு மூட்டை

"சிவப்புக்காரன் ரொம்ப நாள் தாங்க மாட்டான்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

இடது கையில் ஊசி ஏறியிருக்க, பக்கத்தில் டயாலிசிஸ் மெஷின் உறுமிக்கொண்டிருக்க, விண்வெளிப் போர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்த டேப்பை வலது கையால் தூக்கி நர்சுக்குக் காட்டினார் ரயில்காரர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் வார்டில் அவருக்கு அந்தப் பெயர். காலடியில் அவர் மனைவி கட்டிக் கொடுத்திருந்த பை. போர்வை, மாற்றுக் காலுறை, நறுக்கிய ஆப்பிள், நர்சுகளுக்கும் சேர்த்து பிஸ்கட். நாலு மணி நேரம் ஊசி போட்டுக்கொள்ள வருகிறாரா, குடி மாறி வருகிறாரா என்று வார்டே கேலி செய்யும்.

டேப்பின் திரையில் சிவப்புக் கிரகங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தன. அதைப் பார்த்ததும் நர்சு திரையில் மிச்சமிருந்த நிறங்களை எண்ணினாள்.

போன மாதம் இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் டாக்டரிடம் பேசியதை அவள் கேட்டிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் இந்தப் பாடு போதும் போதும் என்றாகிவிட்டது, இந்த விண்வெளி ஆட்டம் முடிகிறவரை வருவேன், அதற்கப்புறம் என்னை விட்டுவிடுங்கள் என்றார். டாக்டர் சிரித்து மழுப்பப் பார்த்தார். ரயில்காரர் சிரிக்கவில்லை. டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்றிலிருந்து நர்சும் அந்த ஆட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தாள். மொத்தம் மூன்று படைகள். இணையத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள், எதிராளி யாரென்று தெரியாது. பச்சை மட்டும் ரயில்காரருடையது.

சிவப்பு ஏன் விழுந்தது என்று அவர் நிதானமாக விளக்கினார். ஆரம்ப சூரத்தனம்தான் காரணமாம். கண்ணில் பட்ட கிரகத்தையெல்லாம் பிடித்தான். பிடித்த இடத்தில் எதையும் விளைவிக்கவில்லை, எரிபொருளுக்கு ஓர் ஆலைகூடக் கட்டவில்லை. கப்பல்கள் பெருகப் பெருக எரிபொருள் வற்றி, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். தன் பச்சையைப் பற்றியும் அவருக்குப் பெரிய மயக்கம் இல்லை. அது வியாபாரத்தை நம்பிய படை, வாங்குகிறவன் இருந்தால்தான் வண்டி ஓடும். சிவப்போடு பாதி வியாபாரமும் போயிற்று.

"அப்ப ஊதா?" என்று கேட்டாள் நர்சு.

"அதுதான் வேடிக்கை. எந்த ஊரு ஆளோ, சண்டைக்குப் போற கப்பல்ல மூணு மடங்கு சாப்பாடு ஏத்தறான். பாரம் தாங்காம ஆமை மாதிரி நகருது. ஆனா பசின்னு ஒரு கப்பல் திரும்பினதில்ல. கடைசி வரைக்கும் யாரு நிப்பாங்கன்னு கணக்குப் போட்டா, அவன்தான்."

அந்த ஊதாப் படை ஒரு வாரமாகப் பச்சைத் தலைநகரின் வாசலில் வந்து நின்றிருந்தது. அங்கே காவலுக்கு ஒரு கப்பல்கூட இல்லை. ஓர் அடி அடித்தால் ஆட்டம் முடிந்தது.

"இன்னிக்கு முடிஞ்சுடும்னு தோணுது," என்றார் ரயில்காரர், சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதுபோல.

நர்சுக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அவர் மனைவியையாவது பேசச் சொல்லலாம் என்று வராந்தாவுக்கு விரைந்தாள். அந்த அம்மாவுக்கு ஆட்டம் என்றாலே ஆகாது. வயசான காலத்தில் இந்தக் கண்றாவி வேறு என்று வரும்போதெல்லாம் முணுமுணுப்பார். இப்போது வராந்தாவின் கோடி நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் சால்வை, சால்வைக்குள் கைபேசி.

நர்சு அருகில் போனபோது திரையில் ஊதா நிறக் கப்பல்கள் வரிசையாக நின்றன. அந்த அம்மாவின் விரல் 'பின்வாங்கு' என்ற பொத்தானை அழுத்தியது.

நிமிர்ந்து பார்த்தவர் திருட்டு மாட்டிக்கொண்டதுபோல விழித்தார். மருமகள்தான் ஆட்டத்தில் சேர்த்துவிட்டாளாம்.

"அடிக்கத் தெரியாம இல்லம்மா. அடிச்சா அடுத்த தடவை இங்க வர மாட்டாரு. அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

நர்சு அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது ரயில்காரர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா திரும்பிப் போய்விட்டது என்றார். அப்படியா என்று அவளும் ஆச்சரியப்பட்டு வைத்தாள். அப்போதுதான் திரையின் இன்னொரு மூலை கண்ணில் பட்டது. ஊதாத் தலைநகரை ஒட்டிப் பச்சையாக இரண்டு புள்ளிகள்.

"இது உங்க கப்பலா?"

"நம்மளோடதுதான். ஒரு வாரமா நிக்குது. அங்கயும் காவல் கிடையாது."

"அப்ப நீங்க அடிச்சிருக்கலாமே?"

"அடிச்சா ஆட்டம் முடிஞ்சுடுமே. புதன்கிழமையும் எனக்கு இதே ஜன்னலோர நாற்காலியைப் போட்டு வைங்க."

டேப்பை மடியில் கவிழ்த்துவிட்டு, காலடியில் புடைத்துக்கொண்டிருந்த பையைப் பார்த்தார் ரயில்காரர்.

"மூணு மடங்கு சாப்பாடு கட்டிக்கிட்டுச் சண்டைக்குப் போற ஆளு உலகத்துலயே ஒருத்திதான், சிஸ்டர். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."