இடது கன்னம்

குளிர் தேசத்துக்குக் குடிவந்து ஒரு மாதம். தினமும் காலையில் மங்கை, இரண்டு வயது மகளின் இடது கன்னத்தில் மையால் திருஷ்டிப் பொட்டு வைத்துக் காப்பகத்துக்கு அனுப்புவாள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஹெல்கா, அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடுவாள். பாஷை தெரியாமல் எப்படிச் சொல்வது?

"விடேன். கண்ணு வைக்க இந்த ஊர்ல நம்மள யாரு பாக்குறா?" என்றான் கணவன்.

மங்கைக்குச் சுருக்கென்றது. மறுநாள் பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

அன்று மாலை காப்பகக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மகளின் கையில் மூடியில்லாத கருப்பு ஸ்கெட்ச் பேனா. வீட்டுக்குக் கிளம்பி நின்ற ஒன்பது பிள்ளைகளுக்கும் இடது கன்னத்தில் பொட்டு. ஹெல்காவுக்கும்.

மங்கை கூசிப்போய், கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஹெல்காவின் முகத்தைத் துடைக்கப் போனாள். ஹெல்கா ஓர் எட்டு பின்வாங்கி, கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.