கீசரும் அதன் சொட்டும்

குளியலறைச் சுவரில் ஒரு கீசர் இருந்தது. அதன் அடியில் சின்ன வால்வு ஒன்று. தண்ணீர் சூடேறும்போதெல்லாம் அது சொட்டுச் சொட்டாய் விடும்.

"யாருப்பா ஒழுகுறது?" என்று கீழே இருந்த வாளி கேட்டது.

"இந்த வால்வுதான். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்றது கீசர். வால்வு இன்னொரு சொட்டு விட்டது.

வீட்டம்மா எஸ்தர் பிளம்பரை அழைத்து, "விருந்தாளிங்க வர்ற நேரம், இதுக்கு ஒரு மூடி போட்டுடுங்க," என்றாள். தன் வயிற்று அழுத்தத்தைக் குறைக்கத்தான் வால்வு அப்படிச் சொட்டுகிறது என்று கீசருக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பிளம்பர் வால்வின் வாயில் மூடியை முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டு, தண்ணீர் கொதித்துக்கொண்டே போனது. கீசரின் வயிறு உப்பியது. கீழே எஸ்தரின் மகள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் திறயேன்," என்று கீசர் கெஞ்சியது.

"வாயை அடைச்சிருக்காங்களே," என்றது வால்வு.

கீசர் முனகிய சத்தம் கேட்டு எஸ்தர் ஓடிவந்து, வெளியே இருந்த சுவிட்சை அணைத்தாள். அன்றே தெர்மோஸ்டாட்டை மாற்றி, மூடியையும் கழற்றினார்கள். தண்ணீர் சூடேறியதும் வால்வு மறுபடி சொட்டியது.

"இன்னும் ஒழுகுதே, யாரு?" என்றது வாளி.

கீசர் வாளியின் முகத்தைப் பார்க்காமல், "நான்தான்," என்றது.