வாட்ச்மேன் போட்ட டீ-சர்ட்

காலையில் எங்கள் பனியன் கம்பெனி ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரம்மா காரைவிட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

டோன்ட் வேக் மீ அப்.

என்னை எழுப்பாதே என்று அர்த்தம். அதைப் போட்டுக்கொண்டு நின்றவர் நைட் வாட்ச்மேன்.

அது தெரியாமல் மனுஷன் விறைப்பாக ஒரு சல்யூட் வேறு அடித்தார். சாப்பாட்டுத் தூக்கோடு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கம்பெனியில் அப்போது ஓடியது வெளிநாட்டு நைட்-டிரஸ் ஆர்டர். எல்லா நெஞ்சிலும் தூக்கத்தைப் பற்றித்தான் எழுத்து. கழித்த பீஸ்களை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அயர்ன் மாஸ்டர் 'ஓவர்ஸ்லெப்ட் அகெய்ன்', மறுபடி அசந்து தூங்கிவிட்டேன் என்று போட்டுக்கொண்டு ஏழரைக்கெல்லாம் வேலைக்கு நிற்பார். டீ கொண்டுவரும் அண்ணன் நெஞ்சில் 'ஃபைவ் மோர் மினிட்ஸ்'. அவர் டீயும் அப்படித்தான் வரும்.

யார் அதையெல்லாம் படித்தார்கள்? துணி நல்ல துணி. அது போதும்.

வீரணனுக்கும் எனக்கும் கல்யாணமாகி ஏழு மாதம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த கையோடு எனக்குப் பகலில் செக்கிங், அவருக்கு ராத்திரி காவல். நான் உள்ளே நுழையும்போது அவர் வெளியே வருவார். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுக்கு ஆள் வேண்டும். நாங்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் அந்தக் கேட்டில்தான், காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். சில நாள் எனக்கு அழுகையே வந்துவிடும்.

அவருக்கும் பகல் வேலை கொடுங்கள் என்று முதலாளி ஆத்தப்பனிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இவனாட்டம் நம்பிக்கையான ஆளுக்கு நான் எங்கே போவேன் அம்மணி என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

அந்த முதலாளிதான் இப்போது ஆபீஸில் இங்கிலீஷ் கடிதமெல்லாம் பார்க்கும் அபிராமி மேடத்திடம் குனிந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேடம் காதில் சொன்னார். முதலாளியின் முகம் அப்படியே சுண்டிப்போனது.

போச்சு, வேலையே போச்சு என்று நினைத்தேன். வாடகை வீடு, புதுச் சீட்டு, எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன. அடி பாவி சுப்புலட்சுமி, இப்படிப் பண்ணிவிட்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கேமராவை எடுத்து இவரை ஒரு போட்டோ பிடித்தார். இவரும் சல்யூட்டை இறக்காமல் பல்லெல்லாம் தெரிய நின்றார். அப்புறம் அந்தம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஏப்பா வீரணா, நாளையிலிருந்து நீ பகல்ல பேக்கிங்குக்கு வந்துரு. இனி இந்தக் கேட்டுப் பக்கமே நிக்க வேண்டாஞ் சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அவர் போனதும் இவர் என்னைப் பார்த்தார். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாத முழி.

"அப்படி என்னதான் புள்ள எழுதியிருக்கு இதுல?"

யாருக்குத் தெரியும், என்னமோ இங்கிலீஷு என்று சொல்லிவிட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு வாரமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அபிராமி மேடம்தான் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். வேக் அப் என்றால் கண் விழிப்பது, கெட் அப் என்றால் பாயைவிட்டு எழுவது. தெரியாமல் அசந்து தூங்கினால் ஓவர்ஸ்லீப், தெரிந்தே இழுத்துப் போர்த்திக்கொண்டால் ஸ்லீப் இன். கேட்கக் கேட்க எனக்கு ஒரே ஆசையாக இருந்தது.

காக்கிச் சட்டை கிழிந்திருக்கிறது, ஆடிட்டுக்கு நல்ல சட்டையாகக் கொண்டு வா என்றுதான் வீட்டுக்காரர் என்னிடம் முந்தின நாள் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராகத்தான் இருந்தது. நான்தான் அதை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இந்த டீ-சர்ட்டை எடுத்து வந்தேன்.

நாளைக்குக் காலையில் எழுப்பும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.