பூதம் செருமினால்

“இந்த விதியைத் தூக்கிடலாம் அக்கா. இது ஒண்ணுக்கே நாலு வரி போகுது” என்றான் தம்பி. சின்ன வயதில் அட்டை வெட்டி இருவரும் விளையாடிய பூதச் சீட்டாட்டத்தை அச்சடித்துக் கடைக்குக் கொண்டுவரும் மும்முரத்தில் இருந்தான்.

பூதச் சீட்டு வந்தவர் செரும வேண்டும். உடனே எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, பூதம் குறட்டை விடும்வரை மூச்சுக்காட்டாமல் இருக்க வேண்டும்.

“பூதத்தோட கதையே அதுதானேடா! அதை எடுத்துட்டா அது வெறும் படம்.”

“கதை கிடக்கட்டும்க்கா. வாங்குறவங்களுக்குச் சட்டுன்னு புரியணும்.”

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பேச்சு நின்றது.

அடுத்த அறையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

தலை நரைத்த இருவரும் கையிலிருந்த மாதிரிச் சீட்டுகளைச் சட்டென்று கவிழ்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

அப்பா எழுந்து வந்தார். “என்ன சிரிப்பு?”

“அப்போல்லாம் நைட் ஷிஃப்ட் முடிச்சு பகல்ல தூங்குவீங்களேப்பா, நீங்கதான் அந்தப் பூதம்” என்றாள் அக்கா. “நீங்க செருமினா, சத்தம் போட்டு எழுப்பிட்டோம்னு அப்படியே அடங்கிடுவோம்.”

அப்பா பூதச் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

“அட அசடுகளா! உங்க சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். திடீர்னு நின்னுட்டா முழிப்பு வந்துடும். பிள்ளைங்க எங்கே போச்சுங்களோன்னு செருமிப் பார்ப்பேன். நீங்க வாயே திறக்க மாட்டீங்க.”

தம்பி நாலு வரியையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினான்:

‘பூதம் செருமினால் எல்லோரும் சத்தமாகச் சிரிக்க வேண்டும்.’